தழையர் பிள்ளை பெறும் முறை

தழையர் என்னும் இனத்தை உண்டாக்கியவன் நான்தான். அவர்கள் தழையம் என்ற கிரகத்தில் வாழ்கிறார்கள். பச்சை நிறம், வேர்களே கால்கள், வெயில்தான் சாப்பாடு. முப்பத்தொரு வருடம் நாவிதன்வெளி வயல்களில் விவசாயப் போதனாசிரியராக அலைந்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு வேறு எப்படிப்பட்ட வேற்றுக்கிரகவாசிகள் தோன்றுவார்கள்? ஆயுதத்தோடு வருகிறவர்களை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் எல்லாரும் யூரியா கேட்டார்கள்.

என் பெயர் பளீல். எழுத்தில் வானூரான். இந்தப் புனைபெயர் மருதமுனையில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் நான். மற்றவள் என் மனைவி ஸாலிஹா, அவளும் அடிக்கடி மறந்துவிடுவாள்.

ஸாலிஹா மிட்வைப்பாக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் ஊரில் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களில் பாதிப்பேரை முதன்முதலில் தூக்கிப் பார்த்தது அவள்தான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலும் நாங்கள் அதற்குமேல் சொல்வதில்லை.

நாவல் ஆறு அத்தியாயம் ஓடி, ஏழாவதில் நின்றுவிட்டது. தழையர் எப்படிப் பிள்ளை பெறுவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. மகரந்தம், கிழங்கு, பதியம், ஒட்டு என்று படித்த முறைகளையெல்லாம் வைத்துப் பார்த்தேன். எதை எழுதினாலும் விவசாயிகளுக்கான துண்டுப்பிரசுரம் மாதிரியே வந்தது. அதுவரை நான் எழுதி அச்சில் வந்தவை துண்டுப்பிரசுரங்கள் மட்டும்தான்.

வழி காட்டியது வெள்ளம். அந்த வருடம் கார்த்திகை மழையில் எங்கள் தெரு ஒழுங்கைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நாலு வீடு தள்ளி இருந்த ஜெனூபாவுக்கு விடியற்கால சுபஹு தொழுகை முடிந்த கையோடு நோவு கண்டுவிட்டது. அம்புலன்ஸ் வர வழியில்லை. ஸாலிஹா தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். அவளுடைய பையைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அந்த வீட்டுக் கூரை ஒழுகியது. படகு வந்து சேர்ந்தபோது ஜெனூபா அதில் ஏறும் நிலையில் இல்லை. சாய்ந்தமருதிலிருந்து படகு கொண்டுவந்த இரண்டு மீன்பிடிகாரர்கள், கட்டிலுக்கு மேலே மழைக்குப் போர்த்தும் படங்கை விரித்துப் பிடித்தபடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் நின்றார்கள். ஜெனூபாவின் உம்மா மகளின் தலைமாட்டில் இருந்தார். பக்கத்து வீட்டு முஸ்பிறா அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மேசைக்கு மேல் காஸ் அடுப்பை ஏற்றித் தண்ணீர் கொதிக்க வைத்தவன் நான். ஜெனூபாவையும் ஸாலிஹாவையும் சேர்த்தால் ஏழு பேர். ஒருவர் விலகினாலும் ஏதோ ஒன்று தண்ணீரில் விழும் என்ற நிலை. பத்து மணிக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது.

வீடு திரும்பி, ஈரச்சாரத்தோடு இருந்து ஏழாம் அத்தியாயத்தை எழுதினேன். தழையரில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. மழை தொடங்கும்போது ஏழு பேர் நெருங்கி வந்து நிற்பார்கள். மண்ணுக்குள் ஏழு வேர்களும் ஒன்றையொன்று தொடும். தொட்ட இடத்தில் ஒரு மொட்டு உண்டாகும். அதன் தலைமாட்டில் ஒருவர், இடுப்பைப் பிடித்தபடி ஒருவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைத் தாங்க இருவர். மூன்று மழைக்காலம் அந்த ஏழு பேரும் அசையக்கூடாது. ஒருவர் நகர்ந்தாலும் மொட்டுக் கருகிவிடும். நாலாம் மழையில் மண் வெடித்துப் பிள்ளை வரும். அது யாருடையது என்று ஏழு பேருக்கும் தெரியாது.

ஸாலிஹாவுக்கு வாசித்துக் காட்டினேன். மற்ற அத்தியாயங்களை மீன் வெட்டிக்கொண்டே கேட்டவள், இதற்குக் கத்தியைக் கீழே வைத்தாள். இன்னொருமுறை வாசிக்கச் சொன்னாள். அடுத்த கிழமையும் சொன்னாள்.

அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் எனக்குப் பொன்னாடை வேண்டியிருந்தது. அறுபத்தொரு வருடத்தில் எனக்கு யாரும் எதையும் போர்த்தியதில்லை. ஒருமுறை டெங்குக் காய்ச்சலில் ஸாலிஹா போர்வை போர்த்தினாள், அதற்குக் கைதட்டல் இருக்கவில்லை. கல்முனையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் கடலோர எழுத்தாளர் மேம்பாட்டுச் சபை இயங்குகிறது. அங்கீகரித்த நூலை அவர்களே அச்சடித்து, விழா வைத்து, எழுதியவருக்குப் பொன்னாடையும் போர்ப்பார்கள். அங்கே கொண்டுபோய் நாவலைக் கொடுத்தேன்.

சபையின் தலைவர் ஆதம்பாவா சேர், ஜெனூபாவின் வாப்பா. பேரப்பிள்ளை பிறந்த அன்று அவர் இந்த மேல்மாடியில்தான் இருந்தார். வெள்ளத்தைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றும் அவசரக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார். ஏழாம் அத்தியாயம் அவருடைய வீட்டில் பிறந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. அயல்வீட்டுப் பிள்ளைப்பேற்றைப் பார்த்து எழுதியவன் என்பதைவிட, ஆராய்ந்து எழுதியவன் என்று நினைக்கப்படுவதே எனக்கு விருப்பமாக இருந்தது.

கைப்பிரதியோடு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பதினாலாவது கேள்வி, நூலில் ஆண் பெண் உறவு வருகிறதா என்பது. இல்லை என்று எழுதினேன். இது சுலபமான கேள்வி என்று நினைத்தேன்.

ஒரு மாதத்தின் பின் உபகுழு என்னை அழைத்தது. தலைவர் நடுவில் இருந்தார். ஒரு பக்கம் செயலாளர் நிப்றாஸ், கூட்ட அறிக்கைப் புத்தகத்தை விரித்துக்கொண்டு. மறுபக்கம் சீனிமுகம்மது. அவர் அக்கரைப்பற்றில் யூரியா விற்கும் பசளைக்கடை வைத்திருந்தவர், அந்தத் தகுதியில் விஞ்ஞானத்துக்குப் பொறுப்பான உறுப்பினர். மூலையில் எழுதுவினைஞர் டிலக்சன் என் நாவலைக் கணினியில் அடித்துக்கொண்டிருந்தான். சவளக்கடையிலிருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் வருபவன். சபையில் என் நாவலை முழுதாக வாசித்தது அவன் ஒருவன்தான், அதுவும் சம்பளத்துக்காக.

தலைவர் முதலில் சபையின் நோக்கத்தை விளக்கினார்.

"எழுத்தாளரை வளக்கிறதுதான் எங்கட கடமை. ஆனா நல்லா வளந்துட்டா அவர் சபைட பேச்சக் கேக்கமாட்டார். அதால பாத்துப் பாத்துத்தான் வளக்கிற. இருபத்திரண்டு வருசத்துல நாங்க ஒரு பிழையான புத்தகமும் போடல்ல."

மொத்தம் எத்தனை புத்தகம் போட்டார்கள் என்று கேட்டேன். அறிந்துகொள்ளும் ஆவலில்தான் கேட்டேன்.

"ரெண்டு. ரெண்டும் சபைட வரலாறு."

இரண்டாவது, முதலாவதன் திருத்திய பதிப்பு என்று நிப்றாஸ் சேர்த்துச் சொன்னார்.

பிறகு பதினாலாவது கேள்விக்கு வந்தார்கள். ஆண் பெண் உறவு இல்லை என்று எழுதியிருக்கிறேன், ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள், இதில் எது பொய் என்று தலைவர் கேட்டார். ஏழு வேர்களைப் பற்றிச் சொன்னேன். ஏழு பெற்றோர் என்பது வாசகர்களின் வீட்டில் கேள்விகளை உண்டாக்கும் என்றார் தலைவர். ஏழு பேரை எழுதப் பாடசாலை அனுமதிப் படிவத்தில் இடமும் இல்லை என்றார் நிப்றாஸ். ஒருமனதாக ஏழை இரண்டாகக் குறைத்தார்கள்.

நான் மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு வாயைத் திறந்தேன். சுவரில் போன விழாவின் புகைப்படம் தொங்கியது. தங்கச் சரிகை போட்ட பொன்னாடை யாரோ ஒருவருடைய தோளில் கிடந்தது. இரண்டு போதும் சேர் என்றேன்.

இரண்டு பேர் என்று ஆனதும் அடுத்த கூட்டத்தில் கலியாணம் வந்தது. கலியாணம் முடிக்காத இரண்டு பேர் வேரைத் தொடலாமா என்று கேட்டார்கள். ஒரு கலியாணம் எழுதினேன். எந்த மார்க்கத்து முறையிலும் இல்லாமல், எவர் மனமும் நோகாமல், இரண்டு செடிகள் விவாகப் பதிவாளரான மூன்றாவது செடியின் முன்னால் கையொப்பம் இட்டன. கையில்லாதவை எப்படிக் கையொப்பம் இட்டன என்று எவரும் கேட்கவில்லை. சீனிமுகம்மது வேறொன்று கேட்டார்.

"பொம்புளப் பக்கம் வீடு குடுக்கிறாங்களா?"

அவை செடிகள் என்று நினைவுபடுத்தினேன்.

"இரிக்கட்டும். நம்மட பகுதியில வீடில்லாம பொம்புளைக்கு மாப்பிள வருமா? வாசிக்கிற சனம் நம்பணுமே."

அதில் நியாயம் இருந்தது. பெண் செடிக்கு ஒரு தொட்டி எழுதினேன். மேல்மாடித் தொட்டி கட்டுவதற்கு அத்திவாரமும் போட்டுக் கொடுத்தேன். கலியாணம் முடிந்து மாப்பிள்ளை அங்கே குடிபோக வேண்டும். போவதென்றால் வேரோடு பிடுங்கித்தான் கொண்டுபோக வேண்டும். நான் எழுதியபடி மாப்பிள்ளை மூன்றாம் நாள் வாடிப்போனார். இப்படி நடக்கிறதுதான் என்று சீனிமுகம்மது சொன்னார். அவர் பெண்வீட்டில் குடிபோய் முப்பத்தைந்து வருடம் ஆகிறது.

அதற்கடுத்து ஒரு கடிதம் வந்தது. மேற்படி நூலில் கூறப்பட்ட உயிரினத்தின் மாதிரியை மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கவும். இது வேறு ஏதோ வேலைக்காக எழுதிவைத்த கடிதத்தில் பெயரை மாற்றி அடித்தது என்று டிலக்சன் தொலைபேசியில் ரகசியமாகச் சொன்னான். தலைவர் கையெழுத்து வைத்துவிட்டதால் இனி அதை மாற்ற முடியாதாம்.

ஊரில் ஒரு செடி உண்டு. அதன் இலையைக் கிள்ளிப் புத்தகத்துக்குள் வைத்தாலும் விளிம்பைச் சுற்றிக் குட்டிச் செடிகள் முளைக்கும். அதில் மூன்று சாடி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் மூன்று இலைகளைக் கிள்ளி எனது விண்ணப்பக் கோவையில் இணைத்து, சாடிகளைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த மாதம் கோவையைத் திறந்தபோது பதினொரு குட்டிகள் இருந்தன.

தலைவர் நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலியாணம் இல்லை, பெற்றோர் இல்லை, சபையின் அனுமதியும் இல்லை, இப்படியே போனால் இந்த அலுமாரியை யார் நிர்வகிப்பது என்று கேட்டார். குட்டிகளுக்கு இலக்கம் போடும்படி டிலக்சனுக்கு உத்தரவானது. அவன் சிறிய காகிதத் துண்டுகளில் ஒன்று முதல் பதினொன்று வரை எழுதி ஒட்டினான். அன்றே ஏழாம் அத்தியாயத்தை முழுதாக நீக்கினால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்று முடிவெடுத்தார்கள். அப்போதுதான் பதினாலாவது கேள்விக்கு நான் எழுதிய பதில் உண்மையாகும் என்று நிப்றாஸ் எனக்கு ஆறுதல் சொன்னார்.

நான் சம்மதித்தேன். எவரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, தேநீரும் பிஸ்கட்டும் தந்தார்கள். டிலக்சன் மட்டும் கணினியிலிருந்து தலையைத் திருப்பி, அழிக்கவா சேர் என்று இரண்டுமுறை கேட்டான். இரண்டுமுறையும் ஓம் என்றேன்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்தது. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் நிறைந்து இருந்தார்கள். பெண்கள் பக்கம் கூடுதலாக இருந்தது. அவர்கள் வானூரானுக்காக வரவில்லை, ஸாலிஹா மிஸ்ஸின் கணவர் புத்தகம் எழுதியிருக்கிறார் என்று வந்தவர்கள். பொன்னாடை போர்த்தினார்கள். அது நைலோன். கழுத்து அரித்தது. அப்போதும் நான் சிரித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன்.

மேடையிலிருந்து ஸாலிஹாவைப் பார்த்தேன். புத்தகத்தை நடுவில் விரித்துப் பக்கங்களைப் புரட்டினாள். முன்னுக்குப் போனாள், பின்னுக்கு வந்தாள். பிறகு மூடி மடியில் வைத்துவிட்டாள்.

தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். இந்த நாவலில் கண்ணியம் காக்கப்பட்டிருக்கிறது, இருநூறு பக்கத்தில் ஒருவர்கூடப் பிறக்கவில்லை என்று பெருமையோடு சொன்னார். சபை தொட்டிராவிட்டால் இது வெறும் கற்பனையாகப் போயிருக்கும் என்றார். பிறகு வாசகர்கள் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தார். எவரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம்.

ஜெனூபா எழும்பினாள். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"வாப்பா, எனக்கொரு விசயம் விளங்கல்ல. ஆறாம் அத்தியாயத்துல ஒரு புள்ளையும் இல்ல. அடுத்ததுல பத்துப் புள்ள ஓடுது. எங்கிருந்து வந்த?"

"இரிங்க மகள். புள்ளையள் எப்படி வந்த எண்டது முக்கியமில்ல. வந்த பொறகு அவங்களுக்கு ஆர் தலைமை தாங்கிற எண்டதுதான் முக்கியம்."

அவள் உட்காரவில்லை. என்னைப் பார்த்தாள். ஒலிவாங்கி என் கையில் தரப்பட்டது. உண்மையைச் சொல்ல எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. சபையின் ஆலோசனைப்படி சில பகுதிகள் செம்மையாக்கப்பட்டன என்றேன். என் குரல் ஒலிபெருக்கியில் போய்ப் பின்சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து ஸாலிஹா எழும்பினாள். நான் சொல்றன் என்றாள். ஒலிவாங்கியை அவள் கேட்கவில்லை. பிள்ளைப்பேற்று அறையில் பேசிப் பழகிய குரல், கடைசி வரிசை வரைக்கும் போகும். ஏழு பேர் நெருங்கி நிற்பதையும், வேர்கள் தொடுவதையும், மூன்று மழைக்காலம் அசையாமல் இருப்பதையும் சொன்னாள். நான் எழுதியபடியே சொன்னாள், ஒரு சொல்லும் மாறாமல். வெள்ளத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் தலைமாட்டில் இருந்தார், ஒருவர் இடுப்பைப் பிடித்தார், இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைத் தாங்கினார்கள் என்ற இடம் வந்தபோது, முஸ்பிறா வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஜெனூபாவின் உம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

தலைவருக்கு மட்டும் விளங்கவில்லை. கூட்ட ஒழுங்கைக் காக்கும் பொறுப்பில் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"சரி மிஸ், ஏழு பேர் எண்டு வைப்பம். அந்த வீட்டுட தலைவர் எங்க நிண்ட?"

"அவர் கூட்டத்துல இருந்தார், சேர்."

பெண்கள் பக்கத்தில் தொடங்கிய சிரிப்பு ஆண்கள் பக்கம் வந்து சேர்ந்தது. நிப்றாஸ் அந்தப் பதிலையும் கூட்ட அறிக்கையில் எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் என்ன எழுதினோம் என்று வாசித்துப் பார்த்தார். தலைவர் மகளையும் அவள் தோளில் இருந்த பிள்ளையையும் பார்த்தபடி நின்றார். நன்றியுரைக்கு யாரையும் அழைக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸாலிஹா மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்தாள். அத்தியாயத்தை எடுக்க ஓம் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும். கலியாணம் எழுதின நாளையிலயிருந்து நீங்க எனக்கு வாசிச்சுக் காட்டல்ல. அப்பவே தெரியும்."

அடுத்த நாள் காலையில் முஸ்பிறா தன் புத்தகத்தோடு வந்தாள். கடைசியில் நாலு வெறும் பக்கங்கள் இருந்தன. மிஸ் சொன்னதை இதில் எழுதித் தாங்க என்றாள். எழுதிக் கொடுத்தேன். மாலைக்குள் ஒன்பது புத்தகங்கள் வந்தன. அந்தக் கிழமை முழுவதும் வந்துகொண்டிருந்தன. படகு கொண்டுவந்த இரண்டு பேரும் ஒரு புத்தகத்தை இருவருக்கும் பொதுவாக வாங்கி அனுப்பியிருந்தார்கள். என் வாழ்க்கையில் என்னிடம் இவ்வளவு பேர் எழுத்துக் கேட்டதில்லை. முன்பு கேட்டதெல்லாம் உரமானியப் படிவத்துக்குக் கையொப்பம்.

வெள்ளிக்கிழமை டிலக்சன் ஒரு புத்தகத்தோடும் கடிதத்தோடும் வந்தான். விடுபட்ட பகுதியை இத்துடன் இணைத்துள்ள பிரதியில் தெளிவான கையெழுத்தில் எழுதித் தருமாறும், இது சபையின் அங்கீகாரமாகக் கருதப்படலாகாது என்றும் கடிதத்தில் இருந்தது. எழுதிவைத்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்றேன். டிலக்சன் போகவில்லை.

"தலைவர் சேர் வெளியில கார்ல இருக்கிறார். நீங்க எழுதி முடிக்குமட்டும் நிக்கிறாராம்."

இன்றைக்குக் கூட்டம் இல்லையா என்று கேட்டேன்.

"இருந்தது. நீங்களே நடத்துங்க எண்டு செயலாளரிட்டச் சொல்லிப்போட்டு வந்தவர்."

உள்ளே வரச் சொல்லி ஸாலிஹா ஆளனுப்பினாள். வரமாட்டேன் என்றார். தேநீர் அனுப்பினாள், அதை வாங்கிக்கொண்டார். நான் மேசையில் இருந்து எழுதினேன். நாலு பக்கத்தையும் முடித்து, மை காய ஊதி, மூடப்போனேன். ஸாலிஹா புத்தகத்தை வாங்கி நின்றபடியே வாசித்தாள். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"முடிவுல ஒரு வசனம் விட்டுட்டீங்க."

மறந்து விட்டதில்லை. மற்றப் பிரதிகளில் எல்லாம் எழுதியிருந்தேன். இவர் மனம் நோகும் என்று இதில் மட்டும் விட்டிருந்தேன். என் கை அவ்வளவு தூரம் பழகிப் போயிருந்தது. எந்த வசனம் என்று தெரியாதவன் போல அவளைப் பார்த்தேன். அவள் சொன்னாள், நான் குனிந்து எழுதினேன்:

"பிள்ளை முதன்முதலில் நடப்பது அந்த ஏழு பேரிடம் அல்ல, வரமுடியாமல் தூரத்தில் நின்றவர் எவரோ, அவரிடம் போய்ச் சாய்ந்து நிற்கும்."